மண் சுவர் எவ்வளவு தாங்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்ணில் வீடு கட்டப்போகிறேன் என்று யார் சொன்னாலும் உடனே வரும் கேள்வி "தாங்குமா?" என்பதுதான். கேட்பதில் தப்பே இல்லை, தலைக்கு மேல் கூரை நிற்கிற விஷயம். ஆனால் கிடைக்கிற பதில்கள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. மழை பெய்தால் கரைந்துவிடும் என்பார் ஒருவர், மண்ணுக்கு ஈடு எதுவுமே கிடையாது என்பார் இன்னொருவர். இரண்டையும் வைத்து ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது. அதனால் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கொஞ்சம் கணக்கோடு இங்கே எழுதுகிறேன்.

மண் சுவர் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

மூன்று வகை. முதலாவது, மண்ணைக் குழைத்து அச்சில் அறுத்து வெயிலில் காயவைத்து, சூளையில் வைக்காமல் அப்படியே கட்டும் பச்சைக்கல். இரண்டாவது, லேசான ஈரத்தில் இருக்கும் மண்ணை இயந்திரத்தில் போட்டு அழுத்தி எடுக்கும் மண்கல். இதில் பெரும்பாலும் கொஞ்சம் சிமெண்ட்டோ சுண்ணாம்போ சேர்ப்பார்கள். மூன்றாவது, பலகைகளுக்கு நடுவே மண்ணைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து எழுப்பும் சுவர். இதில் கல்லும் இல்லை சாந்தும் இல்லை, ஆனால் சுமை தாங்கும் முறை ஒன்றுதான் என்பதால் சேர்த்தே பேசுகிறேன்.

சரி, எவ்வளவு எடை தாங்கும்? எண்ணில் சொல்லுங்கள்.

நல்ல பச்சைக்கல் 1 முதல் 2 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நொறுங்கும். சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலக் கட்டட விதி பச்சைக்கல்லுக்குச் சராசரியாகக் கேட்பது சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு, அதாவது சுமார் 2 மெகாபாஸ்கல். சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல் காய்ந்த நிலையில் 3 முதல் 7 வரை போகும். கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் சின்ன எண்தான். ஆனால் நமக்குத் தேவை எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

3 மீட்டர் உயரச் சுவர். மண்ணின் எடை கனமீட்டருக்கு 1800 கிலோ. அப்படியானால் சுவரின் அடியில் சுவரின் சொந்த எடை மட்டும் சதுர மீட்டருக்கு 5400 கிலோ, சதுர சென்டிமீட்டருக்கு மாற்றினால் 0.54 கிலோ. மேலே ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 1500 கிலோ கூரைச் சுமை வருகிறது, சுவர் 40 செ.மீ. தடிமன் என்றால் அது இன்னொரு 0.375 கிலோ. மொத்தமாகச் சேர்த்தாலும் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவைத் தொடவில்லை. சுமாரான பச்சைக்கல்லே 10 கிலோவில்தான் நொறுங்குகிறது.

பத்து மடங்குக்கு மேல் கையிருப்பு இருக்கிறது. மாடியில்லாத ஒற்றைத் தள வீட்டில் கூரைப் பாரத்தால் மட்டும் மண் சுவர் நசுங்கி விழுவது மிகவும் அபூர்வம்.

பிறகு ஏன் மண் சுவர்கள் இத்தனை விழுகின்றன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். எடை அதைச் சாய்ப்பதில்லை. சாய்ப்பவை வேறு மூன்று: தண்ணீர், பக்கவாட்டுத் தள்ளு, பிடிப்பில்லாத மூலைகள்.

தண்ணீர் மண்ணின் வலிமையையே எடுத்துவிடுகிறது. காய்ந்தபோது 15 கிலோ தாங்கிய மண், சேறாகிவிட்டால் எதையும் தாங்காது. பக்கவாட்டுத் தள்ளு என்பது காற்று, நிலநடுக்கம், அப்புறம் சரிவான கூரை சுவரின் தலையை வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை. மண்ணை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதன் இழுவிசை வலிமை அமுக்க வலிமையில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது, வடிவமைக்கும்போது அதையும் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்வதுதான் வழக்கம். மூன்றாவது, ஒரு சுவரும் அடுத்த சுவரும் சேரும் மூலையில் கல்லை மாற்றி மாற்றிக் கோத்துக் கட்டாமல் ஒட்டுப்போட்டது போல விட்டுவிடுவது. அப்படிக் கட்டினால் நான்கு சுவரும் நான்கு தனித்தனிப் பலகைகள். அதில் ஒன்றைத் தள்ளினால் மற்றது பிடிக்காது.

கல்லின் வலிமையை லேபில் சோதித்துச் சான்றிதழ் வாங்கிய பிறகும், கூரை ஓரம் சுவரைத் தாண்டி ஒரு சாண்கூட வெளியே நீளாமல் கட்டிய வீட்டைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. கல்லுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைச் சுவர் நனையாமல் இருக்கக் கொடுத்திருந்தால் அந்தச் சுவர் எத்தனையோ ஆண்டுகள் கூட நின்றிருக்கும்.

மண் எதை வைத்து ஒட்டிக்கொள்கிறது? சிமெண்ட் இல்லையே?

களிதான் அதன் பசை. மணலும் பொடிக்கல்லும் எலும்பு மாதிரி, களி அவற்றைக் கட்டிப்போடுகிறது. களித் துகள்கள் மிக மெல்லிய தகடுகள், அவற்றுக்கு நடுவே உள்ள இடுக்குகளும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. சுவர் "காய்ந்துவிட்டது" என்று நாம் சொல்லும்போதும் அந்த இடுக்குகளில் காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப ஒன்றிரண்டு சதவீதம் தண்ணீர் இருந்துகொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர்ப் படலம் துகள்களை உள்நோக்கி இழுத்து இறுக்குகிறது. கடற்கரையில் ஈர மணலில் வீடு கட்டினால் நிற்கிறது, மணல் முழுக்க உலர்ந்தால் உதிர்கிறது, அலை வந்து நனைத்தால் கரைகிறது, இல்லையா? அதே விசைதான். களியின் இடுக்குகள் மணலைவிடப் பல மடங்கு நுண்ணியவை என்பதால் இழுப்பும் பல மடங்கு அதிகம், சாதாரணக் காற்றில் அது உலர்ந்தும் போகாது.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். இடுக்குகள் தண்ணீரால் நிரம்பினால் அந்த இழுப்பு போய்விடும், இழுப்பு போனால் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். களி கெட்டுப்போகவில்லை, மறுபடி காய்ந்தால் மறுபடி பிடிக்கும். ஆனால் அதற்குள் சுவர் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

எந்த மண் நல்லது? வீட்டிலேயே பார்க்க முடியுமா?

மேல்மண் வேண்டாம், அதில் வேரும் மக்கும் கலந்திருக்கும். அதை வழித்துவிட்டு அடியில் இருந்து எடுங்கள். களி மிகக் குறைந்தால் கல் உதிரும், மிக அதிகமானால் காயும்போது சுருங்கி வெடிக்கும். பச்சைக்கல்லுக்கு ஏறத்தாழ 15 முதல் 30 சதவீதம் களி, மீதியில் பெரும்பங்கு மணல் என்றால் பெரும்பாலும் சரியாக வரும். கரிசல் மாதிரி நனைந்தால் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் மண்ணை மட்டும் அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

லேபுக்குப் போகும் முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பெருவில் இருந்து பல நாட்டு வழிகாட்டிகளுக்குப் போன எளிய முறை அது. மண்ணைக் கொஞ்சமாக நனைத்து 2 செ.மீ. விட்டமுள்ள ஐந்தாறு உருண்டை பிடித்து நிழலில் இரண்டு நாள் காயவையுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்குங்கள். ஒன்றுகூட உடையவில்லை என்றால் களி போதும். சுலபமாகப் பொடிந்தால் அந்த மண் வேண்டாம், அல்லது களியுள்ள மண்ணைக் கலக்க வேண்டும்.

அறுத்த கல்லுக்கு வேறு சோதனை. நான்கு வாரம் காய்ந்த கல்லை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, நடுவில் வெறுமையாக விட்டு, மேலே ஒரு ஆள் ஏறி நில்லுங்கள். 60, 70 கிலோ ஆளைத் தாங்க வேண்டும். இது பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் கல்லின் பலவீனமான பக்கத்தை, அதாவது வளைவை, நேரடியாகச் சோதிக்கிறது. எனக்கு இந்தச் சோதனை மேல் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் ஒரு கல்லை அல்ல, ஒவ்வொரு நாள் அறுப்பிலிருந்தும் இரண்டு கல்லை எடுத்து யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம்.

வைக்கோல் கலப்பதால் வலிமை கூடுமா?

அமுக்க வலிமை பெரிதாகக் கூடாது, நிறையக் கலந்தால் குறையும். அது செய்யும் வேலை வேறு. காயும்போது வரும் சுருக்க வெடிப்பைப் பல மெல்லிய கீறல்களாகப் பிரித்துவிடும், அப்புறம் கல் உடைந்தாலும் துண்டு துண்டாகச் சிதறாமல் கொஞ்சம் பிடித்துவைக்கும்.

சிமெண்ட் சேர்த்தால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடுமா?

தண்ணீர்ப் பிரச்சினை பெருமளவு குறையும். அழுத்திய மண்கல்லில் 5 முதல் 8 சதவீதம் சிமெண்ட் சேர்த்து, 28 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டாலும் கரையாது. ஆனாலும் நனைந்த வலிமை காய்ந்த வலிமையில் பாதிக்குப் பக்கமாக இறங்குவது சாதாரணம். அதனால் யாராவது கல்லின் வலிமையைச் சொன்னால், காய்ந்து சோதித்ததா நனைத்துச் சோதித்ததா என்று கேளுங்கள். நனைத்த எண்தான் நம்பத் தகுந்தது.

சிமெண்ட் மணல் அதிகமுள்ள மண்ணுக்கு ஏற்றது, களி அதிகமுள்ள மண்ணுக்குச் சுண்ணாம்பு. அது மெதுவாகத்தான் பிடிக்கும், மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே இருக்கும். ஒரு கைப்பிடி சிமெண்ட் "எதற்கும் இருக்கட்டும்" என்று போடுவதில் எந்தப் பயனும் இல்லை. களியின் பிடிப்பை அது கலைக்கும், தானும் போதிய அளவு பிடிக்காது, சில மண்ணில் காய்ந்த வலிமை முன்பைவிடக் குறையவே கூடும். சேர்ப்பதானால் சோதித்து, சரியான அளவு சேர்க்க வேண்டும், அழுத்த வேண்டும், நீராற்ற வேண்டும். இல்லையென்றால் சேர்க்காமல் விட்டு, சுவர் நனையாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இயந்திரம் என்றால் பெரிய ஆலை தேவை என்று நினைக்க வேண்டாம். 1950-களில் கொலம்பியாவின் பொகோட்டாவில் உருவான சின்வா-ராம் என்ற கை அழுத்தி, ஒரு நீளமான நெம்புகோலை மனிதர் கையால் இழுத்தே கல் எடுக்கும் கருவிதான். இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழங்கும் பல கை இயந்திரங்கள் அதன் வழிவந்தவை.

லேபில் கல் 5 மெகாபாஸ்கல் வந்தது. சுவரும் 5 தாங்கும்தானே?

தாங்காது. கல் தட்டையாக இருப்பதால் சோதனை இயந்திரத்தின் இரும்புத் தகடுகள் மேலும் கீழும் அதைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் பிதுங்கவிடாமல் தடுக்கின்றன. அதனால் எண் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். அதே மண்ணை உயரமான துண்டாகச் சோதித்தால் குறையும். மேலும் சுவர் என்பது கல் மட்டும் அல்ல, கல்லும் சாந்தும் கட்டுவேலையும். சுவரின் வலிமை கல்லில் மூன்றில் ஒரு பங்கு, நல்ல வேலையாக இருந்தால் பாதி என்று எதிர்பார்க்கலாம். அதிலும் பாதுகாப்புக்காக இன்னும் வகுத்துத்தான் கணக்கில் எடுப்பார்கள். முன்பு போட்ட கணக்கில் பத்து மடங்கு என்று சொன்ன கையிருப்பு இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது. அதனால்தான் அதை வீண் என்று நினைத்துச் சுவரை ஒல்லியாக்கக் கூடாது.

எந்தச் சாந்து போட்டுக் கட்டுவது?

கல் எந்த மண்ணோ அதே மண்ணின் சாந்து, சலித்து, தேவையானால் கொஞ்சம் மணல் கூட்டி. பச்சைக்கல்லைக் கெட்டியான சிமெண்ட் சாந்து வைத்துக் கட்டினால் பலம் கூடும் என்று நினைப்பது தப்பு. சாந்து கல்லைவிட முரடாக இருந்தால், சுவர் லேசாக அசையும்போது விரிசல் சாந்தின் வழியாகப் போகாமல் கல்லையே பிளந்துகொண்டு போகும். இரண்டும் நனையும்போதும் காயும்போதும் வேறு வேறு அளவில் சுருங்கி விரிவதால் ஒட்டும் விட்டுப்போகும்.

இன்னொன்று, கல்லை வைக்கும் முன் லேசாக நனையுங்கள். காய்ந்த கல் சாந்தில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சாந்து ஒட்டாமல் வெறும் தூளாகத்தான் நிற்கும். ஒரு நாளில் ஒரேயடியாகச் சுவரை உயர்த்தவும் வேண்டாம், கீழ் வரிசைகளின் ஈரச் சாந்து மேல் எடையில் நசுங்கிச் சுவர் தூக்குக்குண்டை விட்டு விலகும். ஒரு மீட்டர் ஏறியதும் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தால் போதும்.

சுவர் எவ்வளவு தடிமன், எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம் இருக்கலாம்?

நிலநடுக்கப் பகுதிகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13827 (1993) மண் வீடுகளுக்கென்றே எழுதப்பட்டது. அதன்படி உயரம் தடிமனைப்போல் 8 மடங்குக்கு மேல் போகக்கூடாது. குறுக்குச் சுவர் வராமல் ஒரே நீட்டாகப் போகும் நீளம் தடிமனைப்போல் 10 மடங்குக்குள் இருக்க வேண்டும். கூடவே இன்னொரு வரம்பும் உண்டு: தடிமனின் வர்க்கத்தை 64-ஆல் பெருக்கி உயரத்தால் வகுத்தால் வரும் நீளத்தையும் தாண்டக் கூடாது. 40 செ.மீ. தடிமன், 3 மீட்டர் உயரம் என்றால் நீளத்துக்கான முதல் விதி 4 மீட்டர் அனுமதிக்கிறது, இரண்டாவது விதி 3.4 மீட்டரில் நிறுத்துகிறது. குறைவானதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு மேல் நீளம் வேண்டும் என்றால் நடுவில் ஒரு குறுக்குச் சுவரோ, வெளியே ஒரு முட்டுச்சுவரோ கொடுங்கள். ஒரே கோட்டில் போகும் நீளச் சுவர் நிற்க வைத்த அட்டை மாதிரி, அதை மடித்து நிறுத்தினால் நிற்கும். வட்டமாகக் கட்டினால் இன்னும் நன்றாக நிற்கும்.

கதவு, ஜன்னல்?

மேலே சொன்ன அதே தர நிர்ணயம் ஒரு திறப்பு 1.2 மீட்டருக்கு மேல் அகலமாக இருக்கக்கூடாது என்கிறது, மூலையிலிருந்து 1.2 மீட்டர் தள்ளித்தான் திறப்பு வரலாம் என்கிறது, லிண்டல் (திறப்புக்கு மேலே சுமையைத் தாங்கும் குறுக்குக்கட்டை) ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 30 செ.மீ. சுவரில் உட்கார வேண்டும் என்கிறது. கடைசி விதியைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். செங்கல் சுவரில் 15 செ.மீ. போதும் என்று பழகிய கை மண் சுவரிலும் அதையே செய்யும், லிண்டலின் முனைக்கு அடியில் இருக்கும் மண் நசுங்கி, ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும்.

கான்கிரீட் கூரை போடலாமா? மாடி?

ஏமனில் உள்ள ஷிபாம் நகரத்தின் பச்சைக்கல் கட்டடங்கள் ஏழு மாடி வரை நிற்கின்றன. பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டின் நகர அமைப்பு அது. சீனாவின் ஃபூஜியன் பகுதியில் மண்ணை இடித்துக் கட்டிய துலோ கோட்டை வீடுகளிலும் பல மாடிகள் உண்டு. ஆக மாடி கட்டலாமா என்றால் முடியும். ஆனால் அந்தச் சுவர்களின் அடி எவ்வளவு தடிமன், மேலே போகப் போக எப்படி ஒடுங்குகிறது, ஆண்டுதோறும் எத்தனை பேர் பூச்சு வேலை பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் அளவில், பாரத்தை எங்கே இறக்குகிறோம் என்பதுதான் முக்கியம். கூரை உத்தரத்தை நேராக மண் மேல் வைக்காதீர்கள். 1000 கிலோ வரும் ஒரு உத்தரம் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. இடத்தில் உட்கார்ந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ ஆகிவிடுகிறது, அது பச்சைக்கல் நொறுங்கும் எல்லை. அதே உத்தரத்துக்கு அடியில் ஒரு மரப்பலகையோ, சுவர் முழுக்க ஓடும் பெல்ட்டோ (சுவர்களின் தலையைச் சுற்றி இடைவிடாமல் ஓடும் உத்தரம்) இருந்தால் பாரம் பரவிவிடும். உத்தரம் சுவரின் நடுக்கோட்டில் உட்காரட்டும். உள் ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் அதிகமாக அமுங்கி, மறுபக்கம் இழுபட ஆரம்பிக்கும்.

கனமான கான்கிரீட் தளத்தைப் பச்சைக்கல் சுவர் மேல் போடுவதை, நிலநடுக்கம் வரக்கூடிய இடத்தில் நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். காரணம் அடுத்த பதிலில்.

நிலநடுக்கத்தில் மண் வீடு என்ன ஆகும்?

கனமானது, இழுத்தால் தாங்காதது. நிலநடுக்கத்துக்கு இதைவிட மோசமான சேர்க்கை கிடையாது. 2003 டிசம்பர் 26 அன்று ஈரானின் பாம் நகரத்தை 6.6 அளவு நிலநடுக்கம் தாக்கியபோது பழைய மண்கோட்டையும் வீடுகளும் சரிந்தன, 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 1993-இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் உயிர்களைப் பறித்தது மண் சாந்தில் அடுக்கிய தடித்த கல் சுவர்கள். 2007-இல் பெருவின் பிஸ்கோவிலும் விழுந்த வீடுகளில் பெரும்பாலானவை பச்சைக்கல்.

கணக்கைப் பாருங்கள். 40 செ.மீ. தடிமன், 3 மீட்டர் உயரம், ஒரு மீட்டர் நீளச் சுவரின் எடை 2160 கிலோ. தனியே நிற்கும் இந்தச் சுவரை அதன் நடுவில் எவ்வளவு விசையால் பக்கவாட்டில் தள்ளினால் கவிழும்? தடிமனை உயரத்தால் வகுத்தால் 0.13. அதாவது அதன் எடையில் 13 சதவீதம், வெறும் 290 கிலோ தொடர்ந்து தள்ளினால் கவிழத் தொடங்கும். பலத்த நிலநடுக்கம் 30 சதவீதமும் அதற்கு மேலும் தரும். அதிர்வு கணத்துக்குக் கணம் திசை மாறுவதால் நிஜத்தில் சுவர் கொஞ்சம் ஆடித் தப்பிக்கவும் செய்யும், ஆனால் அதை நம்பி உள்ளே படுக்க முடியாது. தடிமனைக் கூட்டினால் நிலைப்பு கூடும், கூடவே எடையும் கூடும். அதனால் தடிமன் மட்டும் வழி அல்ல. சுவர் தனியே நிற்கவே கூடாது, அதுதான் வழி.

நான்கு சுவரையும் மேலே சுற்றிக் கட்டும் பெல்ட், மூலைகளில் நல்ல கோப்பு, கனம் குறைந்த கூரை. அப்புறம் சுவரின் இரண்டு முகத்தையும் சேர்த்துக் கட்டும் வலை. லீமாவில் உள்ள பெரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாகப் பச்சைக்கல் வீட்டு மாதிரிகளை அதிர்வு மேடையில் வைத்து ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள். முதலில் சுவருக்குள் நாணல் தண்டுகளை நெடுக்காகவும் கிடையாகவும் வைத்தார்கள். பிறகு பிளாஸ்டிக் வலையைச் சுவரின் இரு பக்கமும் விரித்து, குறுக்கே கயிறு கோத்துக் கட்டி, மேலே மண் பூசினார்கள். பிற்பாடு வெறும் நைலான் கயிற்றாலேயே சுவரைச் சுற்றிக் கட்டிச் சோதித்தார்கள். எதுவும் போடாத மாதிரி சரிந்தது. வலை போட்டது நிறைய வெடித்தது, ஆனால் துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன, உள்ளே இருப்பவர் வெளியே ஓடி வர அது போதும். ஒரு மண் வீட்டில் இருந்து நாம் கேட்க வேண்டியதும் இதுதான்: வெடிக்கட்டும், தலைமேல் விழாமல் இருக்கட்டும்.

2001 குஜராத் நிலநடுக்கத்தில் கட்ச் பகுதியின் புங்கா (bhunga) எனப்படும் வட்ட வடிவ மண் வீடுகள் பல நின்றதற்கும் காரணம் மர்மம் அல்ல. வட்டத்தில் விட்டுப்போக மூலையே இல்லை, கூரையும் கனமில்லாதது.

சுவருக்குள் இரும்புக் கம்பி வைக்கலாமா?

பச்சைக்கல்லில் வேண்டாம். மண் கம்பியைப் பிடிக்காது, ஈரத்தில் கம்பி துருப்பிடித்து உப்பிச் சுவரைப் பிளக்கும். சிமெண்ட் கலந்து அழுத்திய, துளையுள்ள மண்கல்லில் துளையை முழுக்கக் காரை ஊற்றி நிரப்பினால் கம்பி வேலை செய்யும்.

வெளியே சிமெண்ட் பூசினால் தண்ணீர் வராதே?

நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டு மண் சுவர்களை அதிகம் கெடுத்த வேலை இது. சிமெண்ட் பூச்சு கெட்டி, மண் நெகிழ்வு. ஓரிரு ஆண்டில் பூச்சில் மயிரிழைக் கீறல் விழும், அதன் வழியாக மழைநீர் உள்ளே போகும், ஆனால் ஆவியாகி வெளியே வர வழி இருக்காது. தரையில் இருந்து ஏறும் ஓதமும் பூச்சுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு இன்னும் உயரமாக ஏறும். வெளியே சுவர் பளபளவென்று இருக்கும், உள்ளே அடிப்பகுதி மண் குழைந்துகொண்டிருக்கும். விரலால் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று சத்தம் கேட்டால் பூச்சு சுவரை விட்டு விலகிவிட்டது.

மண் பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோ போடுங்கள், இரண்டும் ஈரத்தை உள்ளே விட்டாலும் வெளியே விடும். மழைக்குக் கரைந்தால் மறுபடி பூச வேண்டும், அது குறை அல்ல, சுவருக்குப் பதிலாகப் பூச்சு தேய்கிறது. மாலி நாட்டில் ஜென்னே நகரத்தின் பெரிய மண் மசூதி இன்றைய வடிவில் 1907-இல் கட்டப்பட்டது, ஊர் மக்கள் எல்லோரும் கூடி ஆண்டுதோறும் அதற்கு மண் பூசுகிறார்கள்.

பூச்சைவிட முக்கியம் இறவாரமும் பேஸ்மெண்ட்டும். கூரை ஓரம் சுவரைத் தாண்டி அரை மீட்டருக்குக் குறையாமல் நீளட்டும். சுவரின் அடியில் கருங்கல்லோ சுட்ட செங்கல்லோ போட்டு, தரைக்கு மேல் குறைந்தது ஒரு முழம் உயர்த்திவிட்டு அதன் மேல் மண்ணைத் தொடங்குங்கள், நடுவில் ஓதம் தடுக்கும் ஒரு படலத்தோடு. தரையில் விழுந்து தெறிக்கும் மழைத்துளி எட்டும் உயரம் அது.

வெள்ளம் சூழ்ந்து வடிந்துவிட்டது. சுவர் நிற்கிறது. உள்ளே போகலாமா?

அவசரப்படாதீர்கள். தண்ணீர் வடிந்த பிறகும் தடித்த சுவரின் உள்மண் வாரக்கணக்கில் ஈரமாக இருக்கும், வெளிப்புறம் மட்டும் காய்ந்து தைரியம் கொடுக்கும். கூரைக்குத் தனியே முட்டுக் கொடுங்கள், கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், சிமெண்ட் பூச்சு இருந்தால் அடியில் ஒரு மீட்டர் வரை கவனமாக உடைத்து எடுத்து மண் மூச்சு விடட்டும். சுவரில் ஆணி அடித்துப் பாருங்கள், வெண்ணெயில் போவது போல் போனால் அந்த இடம் இன்னும் எதையும் தாங்கவில்லை. அடிப்பகுதி கரைந்து குடைந்திருந்தால் ஈரச் சேற்றை அப்பி மூட வேண்டாம், அது காய்ந்து சுருங்கித் தனியே நிற்கும். கெட்டதைச் சுரண்டி எடுத்துவிட்டு, காய்ந்த பச்சைக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செருகிக் கட்ட வேண்டும்.

சுவரில் விரிசல். எது பயப்பட வேண்டியது?

பூச்சில் வலை மாதிரி ஓடும் மெல்லிய கீறல்கள் காயும்போது வந்தவை, பயமில்லை. ஜன்னல் மூலையில் சாய்வாகப் போனால் லிண்டல் உட்கார்ந்த இடம் போதவில்லை, அல்லது அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது. விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள், கண்ணாடி உடைந்தால் அசைவு இன்னும் நிற்கவில்லை.

சுவர்கள் சேரும் மூலையில் நெட்டாக, கீழே மயிரிழையாகவும் மேலே போகப் போக அகலமாகவும் விரிசல் இருந்தால் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது, பெரும்பாலும் கூரை தள்ளுகிறது. தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். 40 செ.மீ. சுவர் தலையில் 13 செ.மீ. விலகிவிட்டால் அதன் சொந்த எடையே அடியின் ஒரு ஓரத்தை இழுக்கத் தொடங்கிவிடும், இழுப்பை மண் தாங்காது என்று முன்பே பார்த்தோம். அந்த அளவு வரக் காத்திருக்கவே கூடாது, மூன்று நான்கு சென்டிமீட்டரிலேயே மண் கட்டுமானம் தெரிந்த பொறியாளரை அழைத்து, கூரையின் தள்ளலைக் கட்டி நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது, சுவரின் நடு உயரத்தில் கிடையாக ஓடும் விரிசலும் அதோடு ஒரு பிதுக்கமும். உள்முகமும் வெளிமுகமும் பிரிந்து, பாரம் ஒல்லியான பாதிச் சுவரில் நிற்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, கூரையைச் சுவர் தாங்காதபடி முட்டுக் கொடுங்கள். காரணம் என்ன என்று அதற்கு அப்புறம் தேடலாம்.